பார்த்ததும் திறந்த பூட்டு

எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் ஓசூரில் பதினெட்டு வருஷம் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டியவள் நான். அந்த மாதிரி மெஷின்களுக்கு என் மகள் இப்போது புரோகிராம் எழுதுகிறாள். போன மாதம் அதில் ஒன்று ஒரு பெண்ணின் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது. மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டேன்.

"மெஷின் ஏன் நின்னுச்சுன்னு படிக்க ஒண்ணு எழுதினேம்மா. படிச்சதும், மெஷின் மறுபடி ஓடாம பிடிச்சு வைக்கிற பூட்டையும் அதுவே எடுத்துடும். இப்படி ஒரு வேலையைச் செய்யறதுன்னா, கூப்பிட்டா மட்டும் ஓடுற மெத்தடா வைக்கணும். நான் சும்மா விவரம் பார்க்கிற பிராப்பர்ட்டியா வச்சுட்டேன். கூட வேலை செய்யறவரு, பார்க்கத்தானேன்னு அதை மெஷினோட திரையில எப்பவும் தெரியற மாதிரி போட்டுட்டாரு. திரை அதைப் படிக்கப் படிக்க பூட்டு திறந்துக்கிச்சு, அந்தப் பொண்ணு கை உள்ளே இருக்கும்போதே மெஷின் இறங்கிடுச்சு."

"ஏன்டி அப்படி வச்சே?"

"எழுதறதுக்குச் சின்னதா, அழகா இருந்துச்சும்மா."

"பிரஸ்ஸை எட்டிப் பார்க்கிறதும் பெடலை மிதிக்கிறதும் ஒண்ணாடி? நான் ஓட்டின மெஷின்ல சும்மா பார்த்தா எதுவும் நடக்காது."

பழி திரையில் போட்டவர் மேல் விழுந்திருந்தது. அவரை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களாம்.

"போய் உண்மையைச் சொல்லு" என்றேன்.

"சொன்னா என் வேலை போயிடும்மா."

"போகட்டும்."

திங்கட்கிழமை ஜூஜுவாடி தாண்டி ஆபீசுக்குப் போனாள். மறுநாளும் போனாள். இன்றும் போயிருக்கிறாள். சொன்னாயா என்று நான் கேட்கவில்லை.