சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்க

ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மில்லில், ஒரு சூப்பர்வைசர் பெண்களிடம் அத்துமீறுகிறான் என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் நாலு வரி எழுதினேன். யார் பெயரும் போடவில்லை. வம்பு வேண்டாமென்று சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்கும்படி வைத்தேன். எங்கள் சொந்தத்தில் வீட்டுக்கு ஒரு போலீஸ் உண்டு என்பது என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாளே ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். மில்லின் பெயரைக் கெடுத்தேனாம். மேஜைமேல் என் ஸ்டேட்டஸ் காகிதத்தில் அச்சாகிக் கிடந்தது. அங்கே ஏட்டாக இருக்கும் என் சித்தப்பா சுவரோரம் நின்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே யார் கொடுத்தது என்று தெரிந்துவிட்டது.

"போனைத் திறந்து குடும்மா. யாரெல்லாம் ஒன்கிட்ட சொன்னாங்கன்னு பாத்துட்டுத் தந்துருதோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

போனுக்குள் என்னோடு மில்லில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள் அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன. அதில் ஒருத்தி சித்தப்பாவின் மகள். "அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாதுக்கா" என்று அவள் கெஞ்சியதும் அதிலேயே இருந்தது.

"குடுத்திரு தாயி, செத்த நேரத்துல வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் சித்தப்பா.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

"எதைத் தேடுதீக, எந்தச் சட்டப்படி கேக்கீகன்னு எழுதிக் குடுங்க சார். வக்கீல்ட்ட காட்டிட்டுப் பொறவு சொல்லுதேன்."

"மடியில கனமில்லன்னா வழியில எதுக்குப் பயம்?" இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

"கனம் இருக்கு சார். அது என்னுது இல்ல. அடுத்தவுக சொமைய அவிழ்த்துக் காட்ட எனக்கு உரிமை இல்ல."

எவ்வளவோ அதட்டிப் பார்த்தார். எழுதித் தர மட்டும் பேனாவை எடுக்கவில்லை. சாயங்காலம் போனோடுதான் எங்கள் ஊர் வன்னியம்பட்டிக்கு பஸ் ஏறினேன்.

சித்தப்பா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஸ்டேஷனில் வைத்து அவர் மானத்தை வாங்கிவிட்டேனாம், கல்யாண வீடுகளில் சொல்லித் திரிகிறார். அவர் மகள் பந்தியில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். எனக்கு வாய்வரை வரும். விழுங்கிக்கொள்வேன். திட்டட்டும். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பது அவள் இஷ்டம்; அதைப் பறிக்க ஸ்டேஷனுக்கும் உரிமை இல்லை, பெற்ற அப்பனுக்கும் இல்லை.