சேனைப் பூவுக்கு வந்தவர்

வெள்ளானூரில் புதிதாக வீடுகள் எழும்பும் தெரு ஒன்றில், காலிமனைப் புதருக்குள் ஏதோ செத்து நாறுகிறது என்று கூட்டம் கூடியிருந்தது. செத்தது எதுவும் இல்லை. சேனைக்கிழங்கு பூத்திருந்தது. மகரந்தம் சுமக்கும் ஈக்களையும் வண்டுகளையும் வரவழைக்க அந்தப் பூ பிண வாடை வீசும். அதுதான் என் ஆராய்ச்சி என்பதால் கேள்விப்பட்டதும் ஓடி வந்திருந்தேன்.

எல்லோரும் மூக்கைப் பொத்தியிருக்க, ஒல்லியான ஓர் அம்மா மட்டும் மூக்கை மூடாமல் நேரே வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் அணைத்திருந்த மஞ்சள் பையில் மடித்த வெள்ளை வேட்டி ஒன்று தெரிந்தது.

"ஊட்டுக்காரரு காணாம பூட்டாரு சார். எங்க நாத்தம் அடிச்சாலும் இந்தம்மா வந்துடும். போத்தறதுக்கு வேட்டியும் எடுத்துகினு வரும்" என்று பக்கத்தில் நின்றவர் என் காதோடு சொன்னார்.

நான் அந்த அம்மாவிடம் போனேன். "இது பூதான்மா. ஈ ஏமாந்து வரணும்னு இப்படி நாறுது."

கருஞ்சிவப்பாய் மடல் விரித்திருந்த பூவை அவர் குனிந்து பார்த்தார்.

"வர்ற ஈக்கு இன்னா கெடைக்கும்?"

"ஒண்ணும் கெடைக்காதும்மா."

"அப்பாலயும் வருமா?"

"அடுத்த பூவுக்கும் வரும்."

அவர் மெல்லத் தலையசைத்தார். பையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டு வந்த வழியே போனார். அந்த முகத்தில் இருந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் அந்தப் பூ எங்கே விரிந்தாலும், ஈக்களைத் தேடுவதற்கு முன் தெருமுனையைப் பார்த்துவிடுகிறேன்.