இரண்டு தட்டு

மேசைமேல் பேனாவால் இரண்டு தட்டு தட்டினேன், அவ்வளவுதான். ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருந்த அந்தக் கை அப்படியே விறைத்துப்போனது. முகமெல்லாம் வியர்த்து, நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சுவரோரம் போய் நின்றார், தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். பயிற்சியின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தட்டு தட்டிக் கணக்கு வைப்பது என் பழக்கம். "சோம்பேறித்தனத்துக்கு என்கிட்ட வைத்தியம் இல்லீங்க" என்று அன்று கடிந்துகொண்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அம்பத்தூரில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் பிசியோதெரபி நிலையம். இன்று அங்கே செல்போன் கடை. கீழ்க்கடை இஞ்சி டீயின் மணம் காலை பத்து மணிக்குப் படியேறி வரும். அதற்காகவே வலியைப் பொறுத்துக்கொண்ட நோயாளிகள் உண்டு. தொழிற்பேட்டையில் நசுங்கிய விரல்கள் பலவும் எங்களிடம்தான் வந்து சேரும். அந்த இடத்தின் இரைச்சலும் கிண்டலும் நான் இப்போது வேலை செய்யும் ஏசி அறையில் இல்லை. எனக்கு அது பெரிய குறைதான்.

அவருக்கு வலக்கையில் மூன்று விரல்கள் நசுங்கியிருந்தன. எலும்பு கூடி, தையலும் ஆறிவிட்டது. நான்கு மாதமாகியும் பிடி மட்டும் வரவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். கள்ளிக்குப்பத்திலிருந்து தினமும் பைக்கில் அழைத்துவருபவர், அவரோடு அதே மெஷினில் நின்ற கூட்டாளி. உள்ளே வரமாட்டார், படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

செவ்வாய்தோறும் வரும் மனநல டாக்டரம்மா பக்குவமாகக் கேட்டபிறகுதான் விஷயம் தெரிந்தது. பிரஸ் ஓடும் இடத்தில் கத்தினாலும் கேட்காது, இரும்பில் தட்டினால்தான் கேட்கும். தகட்டை வைப்பவர் கையை எடுத்ததும் மெஷின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவார். கூட்டாளி பெடலை மிதிப்பார். விபத்தன்று இவர் வலக்கை வெளியே வருமுன்பே, பழக்கத்தில் இடக்கை தட்டிவிட்டது. கூட்டாளியோ, தட்டுச் சத்தம் வராமலே தவறி மிதித்துவிட்டதாகக் கம்பெனியில் சொல்லி, குடோன் வேலைக்குத் தள்ளப்பட்டிருந்தார். தான் தட்டியதைப் பற்றி இவர் வாயே திறக்கவில்லை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் அவரை அந்த மெஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவள் நான்தானே! மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?" என்று சிரித்தார். பிறகு டாக்டரம்மா சொன்னபடி மெதுவாகத் தொடங்கினோம். முதலில் நடந்ததை வாயால் சொல்வது. அப்புறம், மூச்சை நிதானமாக விட்டபடி அவரே துணிமேல் தட்டுவது. கடைசியில் வெறும் மேசை. ஆறாவது வாரம் மேசையில் தட்டியும் கை விறைக்கவில்லை. அன்று அவரே கூட்டாளியை உள்ளே கூப்பிட்டார்.

"மாமே, நான்தான் தட்டுனேன். கைய எடுக்கறதுக்கு முன்னாடியே தட்டிட்டேன்."

"தெரியும் மச்சான். காதுல நல்லா உயுந்துச்சு. நீ தட்டுனேன்னு சொன்னா உன்ன வேலைய விட்டே தூக்கிடுவானுங்க. அதான் எம்மேல போட்டுக்கினேன்."

"அப்ப இத்தினி நாளா எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"நீ அயுவன்னுதான்."

அவர் அழத்தான் செய்தார். கூட்டாளியின் சட்டைக் காலரை வலக்கையால் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதார். கூட்டாளி விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. இத்தனை மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த பிடி அது.