நாலாம் தொட்டியின் சிவப்புப் பொத்தான்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பட்டப்பகலில் என் கண்ணால் பார்த்தது இது. நேரம் பதிவான தாள்கூட இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆலை இயந்திரங்களை ஒரே அறையிலிருந்து கண்காணித்து இயக்கும் கணினி அமைப்பை வடிவமைத்து நிறுவுவது என் தொழில். ஒரு பழைய பெயின்ட் ஆலையில் அன்று கடைசிச் சோதனை. ஆறு கலவைத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஆள் உயரத்துக்கு இரும்புத் துடுப்பு. வரைபடப்படி ஒவ்வொன்றுக்கும் பக்கத்துச் சுவரில் ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தான். முதல் மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டன. ஜன்னலில்லாத அறையில் நான் மட்டும். வாக்கிடாக்கியில் எலெக்ட்ரீஷியன் அண்ணன்.

மதியம் 2.17. நாலாம் தொட்டி.

“அண்ணே, ஆளுங்க விலகியாச்சா?”

“ஈ, காக்கா இல்ல. போடு தம்பி.”

ஸ்டார்ட் அழுத்தினேன். துடுப்பு அசையவில்லை. திரையில் ஒரு வரி: ‘தொட்டி 4. நிறுத்தப் பொத்தான் அழுத்தப்பட்டது.’

“ஸ்டாப்ப யாருண்ணே அமுக்குனது?”

“நான் ரெண்டாம் தொட்டிகிட்டல்ல நிக்கிறேன்?”

2.19. மறுபடி ஸ்டார்ட். மறுபடி அதே வரி. அழுத்தப்பட்டது... விடப்பட்டது... அழுத்தப்பட்டது... திரை நிரம்பியது.

கம்பி எங்கோ லூஸ் என்று எரிச்சலாக வந்தது. பொத்தானை ஒதுக்கிவிட்டு மோட்டாரை ஓட்ட எனக்கு வழி உண்டு. கடவுச்சொல்லை அடித்தேன். விரல் விசை மேல்...

டக். டக். டக்.

வாக்கிடாக்கியில். ஒவ்வொரு டக்குக்கும் ஒரு வரி. நடுவில், யாரோ மூச்சிரைக்கும் சத்தம்.

“அண்ணே, நீங்களா?”

“நான் பேசவே இல்லயே...”

2.21. ஓடினேன்.

நாலாம் தொட்டியின் மூடி திறந்திருந்தது.

உள்ளே டார்ச் வெளிச்சம்.

துடுப்புக்கு அடியில் ஃபிட்டர். நடக்கும் சத்தமே கேட்காததால் எல்லோருக்கும் அவன் ‘பூனை’.

“ஸ்பேனர் விழுந்துடுச்சு சார்... ஒரு நிமிஷம்தான்...”

கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். பிறகுதான் சுவரைப் பார்த்தேன்.

பொத்தான் இல்லை. நாலு ஆணித் துளைகள் மட்டும்.

பழைய வரைபடத்தை நம்பி நான் அதைத் திரையில் சேர்த்திருந்தேன். ஓடி வந்த அண்ணன் அந்தத் துளைகளை விரலால் தடவினார்.

“அத ஒயரோட கழட்டி ஒம்பது வருஷமாச்சு தம்பி. அப்ப இதே தொட்டிக்குள்ள ஒருத்தன் இருக்கறது தெரியாம மோட்டார போட்டுட்டாங்க. வெளிய நின்னது அவன் கூடப்பொறந்த அண்ணன். கட்டைவிரல் ஒடையற வரைக்கும் ஸ்டாப்ப அமுக்கியிருக்காரு... இங்கயே நெஞ்சடைச்சு போயிட்டாரு.”

“மோட்டார் நிக்கலயா?”

“அன்னிக்கு அது வேலை செய்யல.”