கேட்போர் இல்லாத வாய்மொழித் தேர்வு

1. நாற்காலிகள்

பதினொரு மணிக்குத் தேர்வு. பத்தரைக்கே நான் கருத்தரங்க அறைக்குப் போய்விட்டேன். நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால் முப்பத்தெட்டு. அதிலும் இரண்டுக்குக் கால் ஆடியது. எண்ணிப் பார்க்காமல் போட்டிருக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன், ஒன்றில்கூட ஆள் இல்லை.

புதிதாக நெறியாளர் ஆகியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ்த்துறையில் வேலை பார்த்தேன். என்னிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் ஆறு பேர். ஆறாமவர் ஆரோக்கியராஜ். அவர் ஆய்வு முடிவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன், ஆனாலும் நெறியாளர் நான்தான். தலைப்பு, நவீனக் கவிதையில் தனிமனிதனின் அந்நியமாதலும் சமூகத் தனிமையும்.

பொது வாய்மொழித் தேர்வு என்பது ஆய்வேட்டை நாலு பேர் முன்னால் நின்று காப்பாற்றுவது. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். பார்வையாளர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும், வினா எழுப்ப வேண்டும், வருகைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். வந்தவர்களுக்கு ஆய்வாளர் சாப்பாடு போடுவார். இது எழுதாத விதி. வழக்கமாக முதலாமாண்டு மாணவர்களைக் கூட்டி வந்து உட்கார வைத்துவிடுவோம். கேட்க வேண்டிய கேள்விகளையும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிடுவோம். அன்றைக்குக் கல்லூரிக்குப் படிப்பு விடுமுறை.

ஆரோக்கியராஜ் வாசலில் நின்றிருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பக்கத்தில் திருவேற்காட்டிலிருந்து வந்த வெஜிடபிள் பிரியாணி, நாற்பது பொட்டலம், இரண்டு அட்டைப்பெட்டிகளில்.

“யாரும் வரலையாப்பா?”

“வருவாங்க ஐயா. எல்லாருமே கட்டைவிரல் போட்டிருக்காங்க.”

2. மூன்று அடையாள அட்டைகள்

அவர் கௌரவ விரிவுரையாளர். மணிக்கணக்குச் சம்பளம். அம்பத்தூரில் காலையில் ஒரு கல்லூரி, மதியம் ஆவடியில் ஒன்று, சாயங்காலம் பூந்தமல்லியில் ஒன்று. பையில் மூன்று அடையாள அட்டைகள் இருக்கும். மூன்று இடத்திலும் ஆசிரியர் அறையில் அவருக்கென்று நாற்காலி கிடையாது. நிரந்தர ஆசிரியர் வகுப்புக்குப் போனால் அந்த நாற்காலியில் உட்காருவார். ஆசிரியர் திரும்பி வந்தால் எழுந்து கொள்வார். பல வருஷம் இப்படித்தான்.

மூன்று துறைகளின் வாட்ஸ்அப் குழுவிலும் அழைப்பிதழைப் போட்டிருந்தார். கைப்பேசியை என்னிடம் காட்டினார். நான் எண்ணினேன். ஐம்பத்தொரு கட்டைவிரல், பதினேழு கைகூப்பல், இரண்டு கேக். அதை நம்பித்தான் நாற்பது சாப்பாடு சொல்லியிருக்கிறார்.

அவர் எதிரிலேயே, கல்லூரிக்கு ஒருவராக மூன்று ஆசிரியர்களுக்குப் போன் போட்டேன். மூவரும் உண்மையிலேயே நல்லவர்கள். அம்பத்தூர்க்காரர், “அவருக்கு ஆவடியிலதான் சார் ஃபிரண்ட்ஸ் ஜாஸ்தி, நாங்க எதுக்கு நடுவுலன்னு இருந்துட்டோம்” என்றார். ஆவடிக்காரர் பூந்தமல்லியைச் சொன்னார். பூந்தமல்லிக்காரர் அம்பத்தூரைச் சொன்னார். மூன்று இடத்திலும் அவர் வேறு இடத்து ஆள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தேர்வாளர் அம்மையார் வந்தார். தெற்கத்திப் பேராசிரியர், கண்டிப்பானவர். உள்ளே பார்த்தார்.

“என்ன சார், கூட்டத்தையே காணோம்?”

“கொஞ்சம் தாமதமாகும் மேடம்.”

“கூட்டம் இல்லாம நான் நடத்த மாட்டேன். பின்னாடி யாராவது புகார் எழுதுவான், நான் பதில் சொல்லணும். இன்னொரு நாள் வச்சுக்குவோம். ஆனா ரெண்டு மாசத்துக்கு எனக்குத் தேதி இல்ல, பார்த்துக்கோங்க.”

ஆரோக்கியராஜால் இரண்டு மாதம் காத்திருக்க முடியாது. நிரந்தரப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பு அடுத்த வாரம். அவருக்கு வயது வரம்பில் அதுதான் கடைசி வாய்ப்பு. இன்றைக்குத் தேர்வு முடிந்து கையில் ஒரு காகிதம் வந்தால் வரிசையில் நிற்கலாம். இல்லையென்றால் சாகும்வரை மணிக்கணக்குத்தான்.

3. பொதுமக்கள்

துறை உதவியாளர் முனுசாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். பருத்திப்பட்டுக்காரர். அவர் குடும்பத்து வயல்களெல்லாம் மனைகளாகிவிட்டன. அவர் இங்கே மணி அடிக்கிறார்.

“இன்னா சார் இதுக்குப் போயி. சோறு கீதுல்ல? சோறு கீற எடத்துல ஆளுக்கா பஞ்சம்? நா இட்டாறேன்.”

கால் மணி நேரத்தில் அழைத்து வந்துவிட்டார். பக்கத்துக் கட்டட வேலையில் சித்தாள்கள் ஒன்பது பேர், ஷேர் வேன் ஓட்டுநர்கள் நாலு பேர், கேன்டீனில் இருந்து இரண்டு பேர், வாசல் காவலர் ஒருவர். மொத்தம் பதினாறு. கால் ஆடும் நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் நானே போய்த் தடுத்தேன்.

“இது யாரு?” என்றார் அம்மையார்.

“பொதுமக்கள் மேடம்.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி. எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஆரம்பிங்க.”

சித்தாள் ஒருத்தி முனுசாமியிடம் கேட்டாள், “அண்ணாத்தே, கைத்தட்டணுமா?”

“அந்தம்மா தட்டுனா தட்டு. இல்லாங்காட்டி சும்மா குந்து.”

ஆரோக்கியராஜ் பேசினார். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்ததாலோ என்னவோ, ஏட்டு நடையை விட்டுவிட்டு எளிமையாகவே பேசினார். பழைய அகப்பாட்டில் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார் என்று பாட்டின் அடியிலேயே குறித்திருக்கும். தலைவி தோழிக்குச் சொன்னது, தலைவன் பாங்கனுக்குச் சொன்னது, யாருமே இல்லையென்றால் நெஞ்சுக்குச் சொன்னது. பக்திப் பாட்டில் கேட்க சாமி இருந்தது. புரவலனைப் பாடியவனுக்குப் புரவலன் இருந்தான். புதுக்கவிதை வந்தபோது பேசுகிறவன் மட்டும் மிஞ்சினான். பேருந்தில், வாடகை அறையில், அலுவலகத்தில், கூட்டத்துக்கு நடுவில் நின்று பேசுகிறான். கூட்டத்தின் மேல் அவனுக்கு வெறுப்பில்லை. கேட்பவர் இருக்கும் இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காலியிடம்தான் நவீனக் கவிதை என்று முடித்தார்.

ஆறு ஆய்வேடு பார்த்தவன் நான். இவ்வளவு நன்றாக யாரும் சொன்னதில்லை. பின்வரிசையில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

4. பார்வையாளர் வினா

“பார்வையாளர்கள் கேள்வி கேட்கலாம்” என்றார் அம்மையார்.

என் சட்டைப்பையில் இரண்டு துண்டுத்தாள்கள் இருந்தன. யாரிடம் கொடுப்பது என்று நான் தேடுவதற்குள் வேன் ஓட்டுநர் ஒருவர் எழுந்துவிட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும்.

“அண்ணாத்தே, எல்லாம் சரி. உனக்கு சாதி சனம் யாருமில்லியா? எங்களப் புட்சாந்து குந்த வச்சிகினு கீற?”

“டேய்,” என்றார் முனுசாமி. “பாட்டுலேர்ந்து கேளுடா.”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அம்மையார் கையை உயர்த்தினார்.

“தலைப்பு சமூகத் தனிமை. கேள்வி தலைப்புக்குள்ளதான் இருக்கு. பதில் சொல்லுங்க.”

ஆரோக்கியராஜ் மைக்கை மாற்றிப் பிடித்தார். அது கரகரவென்றது. ஏற்கெனவே இரண்டு முறை சொல்லியும் அதைச் சரி செய்யவில்லை.

“அண்ணன் இருக்கார். மாங்காட்டுல. வீடு கட்டி ஃபாதரை வரவழைச்சு மந்திரிச்சாங்க. என்னைக் கூப்பிட்டாங்க. அன்னிக்கு எனக்கு மூணு காலேஜ்லயும் கிளாஸ். போகலைன்னா சம்பளம் போயிடும், அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. விட்டுட்டேன். அதுக்கப்புறம் அவரும் கூப்பிடலை, நானும் கூப்பிடலை.”

“இன்னிக்கு சொன்னியா?”

“இல்ல.”

“ஏன்? போன் பண்ணா கடிச்சா துன்னுடுவாரு?”

யாரோ சிரித்தார்கள். ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை.

“வந்தா என்ன பேசறதுன்னு தெரியலை. வரலைன்னா, அவ்வளவுதான்னு தெரிஞ்சுடும். சொல்லாம இருந்தா ரெண்டும் தெரியாதுல்ல.”

“இன்னாய்யா நீ” என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் உட்கார்ந்தார். அம்மையார் குனிந்து நெடுநேரம் எழுதினார். வேறு கேள்வி வரவில்லை. என் துண்டுத்தாள்கள் பையிலேயே இருந்தன.

பரிந்துரையை அறிவிக்க அம்மையார் எழுந்தபோது பாதிப் பேர் வெளியே பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி சத்தம் போடுவார் என்று சித்தாள்கள் முதலில் கிளம்பினார்கள். அடுத்து வேன்காரர்களும் கேன்டீன்காரர்களும். முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று அவர் படித்தபோது கேட்டது நான், முனுசாமி, காவலர், மூன்று பேர். நாங்கள் கைத்தட்டினோம். மூன்று பேர் தட்டும் சத்தம் அந்த அறைக்குப் போதவில்லை.

அம்மையாருக்குப் பொன்னாடை போர்த்தினார் ஆரோக்கியராஜ். அவர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, “வீட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, டாக்டர்” என்றார். ஆரோக்கியராஜ் சரி என்று வெளியே போனார்.

நான் மிச்சப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்று. என் பையில் கைப்பேசி அடித்தது. திரையில் அவர் பெயர். சன்னல் வழியாகப் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் கைப்பேசியோடு நிற்கிறார்.

“ஐயா, ஆரோக்கியராஜ் பேசறேன்.”

“சொல்லுப்பா.”

“வைவா நல்லபடியா முடிஞ்சுது ஐயா. பரிந்துரை பண்ணிட்டாங்க.”

“அப்படியா. ரொம்ப சந்தோஷம்ப்பா. கேள்வியெல்லாம் கஷ்டமா இருந்துச்சா?”

“ஒண்ணுதான் ஐயா.”

“சாப்பிட்டியா?”

“இனிமேதான்.”

“சாப்பிடு முதல்ல.”

“சரிங்க ஐயா. வச்சிடறேன்.”

அவர் வைத்த பிறகும் அங்கேயே நின்றார். நான் போய்க் கூப்பிடவில்லை.

5. கற்றுக்கொண்டது

சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனார். பட்டியலில் பெயர் வரவில்லை. அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் அவர் எண்ணுக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்றது. மூன்று கல்லூரிகளிலும் கேட்டேன். மற்ற இரண்டில் ஒன்றில் இருப்பார் என்று மூன்றிலும் சொன்னார்கள். மாங்காட்டு அண்ணனைத் தேடிப் பிடித்தேன். அவர் வாசலிலேயே நின்று, “டாக்டர் ஆயிட்டானா?” என்று கேட்டார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

ஆய்வேட்டின் ஒரு படி என் அலமாரியில் இருக்கிறது. ஐந்து இயல்கள். கேட்பவர் இல்லாமல் பேசுவது பற்றி அவர் எழுதியதை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் வாரக்கணக்கில் விவாதம் நடந்தது. கடைசியில் நான் சொன்னபடி நான்காம் இயலில், ‘கவிதை உத்திகள்’ என்ற தலைப்பின்கீழ், உவமைக்கும் படிமத்துக்கும் அடுத்ததாகச் சேர்த்தோம். அது உத்தி இல்லை.