வெண்டலோட மீசையும் மூடாத கூழ்ச்சட்டியும்

"இல்ல இல்ல, பூச்சியெல்லாம் ஒண்ணும் கடிக்கல. தோல் வியாதியும் கிடையாது. நானேதான் எடுத்தேன்."

சாப்பாட்டுக் கடை மோமி ஆண்ட்டி கேட்டது, சோறு ஒரு கரண்டியா ரெண்டு கரண்டியான்னுதான். கல்லாவுக்கு முன்னாடி நின்ன வெண்டல், மேலுதட்டைக் கையால பொத்திக்கிட்டு இப்படி ஒரு பதிலைச் சொன்னாரு. ஆண்ட்டி கரண்டியைக் கீழ வச்சாங்க.

"எங்க, கையை எடு பாப்போம்."

எடுத்தாரு. நாப்பது வருசமா மீசைக்கடியில வெயிலே படாத இடம். உரிச்ச வாழைப்பழம் கணக்கா வெளேர்னு இருந்துச்சு. சாப்பிட்டுக்கிட்டிருந்த அத்தனை பேரும் சிரிச்ச சிரிப்புல பக்கத்து டயர் கடைக்காரன் எட்டிப் பாத்துட்டுப் போனான்.

"பாப்பா என்ன பண்ணா?"

"யாரோ வந்துட்டான்னு ஒரு மூச்சு அழுதா. அப்புறம் உதட்டைத் தட்டித் தட்டிப் பாத்தா. கடைசியில குனிஞ்சு தரையில தேடறா ஆண்ட்டி! விழுந்துடுச்சுன்னு நெனச்சுட்டா! ஏழு மாசத்துல அந்தப் புத்தி யாருக்கு வரும், சொல்லு?"

வெண்டல் கப்புலே அப்படித்தான். எந்தப் பேச்சை எடுத்தாலும் நாலாவது வார்த்தையில பேத்தி நொஹேயா வந்து உக்காந்துக்குவா. ஹவாயில ஒவாஹு தீவுக்காரரு. முப்பத்தோரு வருசத்துக்கு முன்னாடி, நாலு நாள் சீட்டாடிட்டுத் திரும்பலாம்னு லாஸ் வேகஸ் வந்தாரு. வந்த இடத்துல ஹோட்டல்ல அழுக்குத் துணி வண்டி தள்ற வேலை கெடைச்சுது. ஊர்ல கனவுலகூட வாங்க முடியாத வீடு இங்க கைக்கு எட்டுச்சு. பொஞ்சாதி டார்லீனையும், இடுப்புல இருந்த மக கேஹாவையும் வரவழைச்சுக்கிட்டாரு. அப்புறம் பஸ் ஓட்டினாரு, இடுப்பு வலின்னாரு, ஓய்வு வாங்கினாரு. எப்ப ஊருக்குப் போறேன்னு யாராச்சும் கேட்டா, "அந்த நாலு நாள் இன்னும் முடியலப்பா"ம்பாரு.

ஓய்வு வாங்கின மூணாம் மாசம் பேத்தி பொறந்தா. மகளும் மருமகன் கவிகாவும் அவரு வீட்லயேதான் இருக்காங்க. அவங்க வேலைக்குக் கெளம்பிட்டா பகல் பூரா பாப்பா இவரு தோள்ல. பொட்டி எடை பாக்கற கொக்கியில துணித் தூளி கட்டி, வெள்ளிக்கெழமை தவறாம எடை போடுவாரு. போட்ட எடையை மோமி ஆண்ட்டி கடைக்கு வந்து சத்தமாச் சொல்லுவாரு. மொதப் பல்லு முளைச்ச அன்னிக்குப் பாப்பாவை மேசை மேசையாத் தூக்கிட்டுப் போயி, "கையைக் கழுவிட்டுத் தொட்டுப் பாருங்க, தொட்டுப் பாருங்க"ன்னாரு. ஆளுங்களும் கழுவிட்டு வந்து வரிசையில நின்னுதான் தொட்டாங்க.

இப்படி இருந்த மனுசனுக்குப் போன மாசம் ஒரு இடி வந்துச்சு. சம்பந்தி ஹெர்மன் நாஹலே, ஹவாயில இருக்கற ஹீலோவுல இருந்து வர்றாருன்னு மருமகன் சொன்னான்.

"எதுக்கு வர்றாரு?"

"ஏதோ முக்கியமாப் பேசணுமாம் மாமா. உங்ககிட்டதான் பேசணுமாம். அப்புறம், பாப்பா தொட்டில் எத்தனை அடி அகலம்னு கேட்டாரு."

வெண்டல் உக்காந்து யோசிச்சாரு. தொட்டில் அகலம் எதுக்கு? ஹீலோ வீட்ல அது நுழையுமான்னு பாக்கத்தான். பையனை, மருமகளை, பாப்பாவை மொத்தமாக் கூட்டிட்டுப் போகப் போறான். மூணு வருசத்துக்கு முன்னாடி, கல்யாணப் பந்தியில நூறு பேரு முன்னாடி அந்த ஹெர்மன்தானே சொன்னான், "பொறந்த மண்ணை விட்டுட்டுப் பாலைவனத்துக்கு ஓடினவங்க வீட்ல பொண்ணெடுக்கறோம்"னு! அன்னிக்கு வெண்டலுக்குப் பதில் வரல. மறுநாள்ல இருந்து வந்துச்சு. மூணு வருசமா குளிக்கும்போது, பஸ் ஓட்டும்போதுன்னு பதிலாச் சேத்து வச்சிருந்தாரு. நல்லா நறுக்குனு இருக்கும் ஒவ்வொண்ணும்.

ஹெர்மன் ஞாயித்துக்கெழமை காலையில வந்து எறங்கினாரு. ஆள் உசரத்துக்கு ரெண்டு பொட்டி, ஒரு மீன் பொட்டி, கக்கத்துல குடை. மழைக்குப் பேர்போன ஊர்க்காரரு, மழையே பாக்காத ஊருக்குக் குடையோட வந்தாரு.

"வாங்க சம்பந்தி. குடை எதுக்கு?"

"பழக்கம்," அப்படின்னுட்டு மேல வானத்தைப் பாத்தாரு. வானம் மொட்டையா இருந்துச்சு.

வெண்டல் ஒரு கணக்குப் போட்டாரு. வீட்ல உக்காந்தா பேச்சு வந்துடும். மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரையும் மோமி ஆண்ட்டி கடைக்குக் கெளப்பினாரு. ஏன்னா அந்தக் கடையில கூழ் கெடைக்கும். சேப்பங்கெழங்கை அவிச்சு இடிச்சு, விரல்ல வழிக்கற பதத்துல கரைச்ச கூழ். ஊர்ல இருந்து வாரம் ஒரு தடவை விமானத்துல வரும். ஆண்ட்டி அதைப் பிளாஸ்டிக் டப்பாவுல தரமாட்டாங்க, மூடி போட்ட மரச்சட்டியிலதான் வைப்பாங்க. அந்த மூடியைத் தொறந்துட்டா, ஹவாய் வழக்கப்படி திரும்ப மூடற வரைக்கும் பந்தியில சண்டை கூடாது, வழக்கு கூடாது, மனசைக் கலைக்கற பேச்சு எதுவும் கூடாது. அந்த ஊர்ப் பழங்கதைப்படி அந்தக் கெழங்குதான் நம்ம எல்லாருக்கும் மூத்த அண்ணன். அண்ணன் உக்காந்திருக்கையில தம்பிங்க அடிச்சுக்குவாங்களா?

சட்டி வந்ததும் வெண்டல் மத்த தட்டுக்குக்கூடக் காத்திருக்கல. மூடியைத் தொறந்து தன் தொடைக்கடியில வச்சுக்கிட்டாரு.

"மூடி எங்கப்பா?"ன்னா கேஹாவ்.

"பத்திரமா இருக்கு. நீ சாப்பிடு."

ஹெர்மன் தொண்டையைக் கனைச்சாரு. "சம்பந்தி, நான் வந்த விசயம்..."

"சட்டி தொறந்திருக்கு சம்பந்தி."

"ஆமா ஆமா. தொறந்திருக்கு." ஹெர்மன் சட்டுனு வாயை மூடிக்கிட்டாரு. மூஞ்சி கொஞ்சம் தெளிஞ்ச மாதிரிகூட இருந்துச்சு. என்ன நடிப்புடான்னு நெனச்சாரு வெண்டல்.

இலையில பொதிஞ்சு அவிச்ச பன்னிக்கறி வந்துச்சு. தக்காளி போட்டுப் பெசஞ்ச உப்பு மீன் வந்துச்சு. மழையைப் பத்திப் பேசினாங்க. மீனைப் பத்திப் பேசினாங்க. முழங்கால் வலியைப் பத்தி ரொம்ப நேரம் பேசினாங்க. வெண்டல் ஒரு கண்ணைச் சட்டி மேலயே வச்சிருந்தாரு. அவரு எவ்வளவு மெதுவாச் சாப்பிட்டு என்ன? மடியில உக்காந்திருந்த நொஹேயா ரெண்டு கையையும் விட்டு அள்ளறா. மூக்கு, காது, புருவம் எல்லாம் சாம்பக் கலர்ல கூழ். தாத்தா மீசையைப் பிடிச்சு எழுந்து நின்னு, அதுலயும் பூசினா.

"மெதுவாடி தங்கம், மெதுவா. தீந்துடும்," னு காதுல கெஞ்சினாரு.

தீந்துடுச்சு. வெண்டல் கையைத் தூக்கறதுக்குள்ள, எதிர்ல இருந்து ஒரு கை தூக்குச்சு.

"இன்னொரு சட்டி!" ன்னாரு ஹெர்மன்.

வெண்டலுக்குப் புரியல. சரி, பசி போலன்னு விட்டாரு. ரெண்டாவது சட்டியும் அடியைத் தொட்டுச்சு. மூணாவது சட்டியை வெண்டல் சொன்னாரு. ஹெர்மன் "நல்ல யோசனை"ன்னு பெல்ட்டை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டாரு. ரெண்டு கெழவங்களுக்கும் நெத்தியில வேர்வை. கண்ணு பிதுங்குது. ஆனாலும் ஒருத்தர் வழிச்சா இன்னொருத்தரும் வழிக்கறாரு, கோழி கொத்தற மாதிரி துளித்துளியா.

டார்லீன் மகளைப் பாத்து, "இவங்க ரெண்டு பேருக்கும் பைத்தியம் பிடிச்சிருக்கு. வெயில்ல நிக்க வைக்காதேன்னு சொன்னேன்ல?" ன்னாங்க.

நாலாவதுக்குக் கை தூக்கினப்ப மோமி ஆண்ட்டியே சமையக்கட்டுல இருந்து வெளிய வந்தாங்க.

"வாரம் பூராவுக்கும் வந்த கூழ், ரெண்டு பேரு தின்னு தீத்துட்டு நாலாவது கேக்கறீங்களா? இல்லப்பா. தீந்துச்சு."

"ஒரு அரைச் சட்டி?"ன்னாரு ஹெர்மன்.

"கால் சட்டி?"ன்னாரு வெண்டல்.

"எந்திரி வெண்டல்."

"எதுக்கு?"

"மூடி மேல உக்காந்திருக்கே."

எந்திரிச்சாரு. ஆண்ட்டி மூடியை எடுத்து, மூணு சட்டியையும் உத்துப் பாத்து, ஓரமெல்லாம் சுத்தமா வழிச்சிருக்கான்னு விரலால தடவிப் பாத்து, ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி டப்புனு மூடினாங்க. "ஆச்சு. இனிமே அடிச்சுக்கறதுன்னா தெருவுல போயி அடிச்சுக்கோங்க." மூடின சட்டியை மேசையிலயே வச்சுட்டு உள்ள போயிட்டாங்க.

நொஹேயா ஒரு ஏப்பம் விட்டா. அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆரம்பிச்சாங்க.

"பாப்பாவைக் கூட்டிட்டுப் போனா நான் செத்துடுவேன்!"

"எனக்கு உங்க வீட்ல ஒரு மூலை கெடைக்குமா?"

"என்ன?"ன்னாரு வெண்டல்.

"என்ன?"ன்னாரு ஹெர்மன்.

அப்புறம் ஹெர்மன் மேசையைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. இருபத்தெட்டு வருசம் வாடகைக்கு இருந்த வீட்டை, சுற்றுலாக்காரங்களுக்கு விடப் போறேன்னு வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிட்டான். ஹீலோவுல வேற வீடு பாத்தா, வாடகையைக் கேட்டதும் தலை சுத்துது. பையன்கிட்ட சொல்ல வெக்கம். "அந்த ரெண்டு பொட்டிதான் சம்பந்தி என் மொத்த வீடும். தொட்டில் கூட என் கட்டிலும் ஒரே ரூம்ல நுழையுமான்னுதான் அகலம் கேட்டேன். பாப்பா என்னைப் போன்லதான் பாத்திருக்கா. அதுலயும் என் மூக்கு மட்டுந்தான் தெரியுமாம்."

கேஹாவ் வாயைப் பொத்திக்கிட்டா.

"கல்யாணத்துல நான் சொன்னது ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. மண்ணை விட்டு ஓடினவங்கன்னு," ஹெர்மன் நிமிந்தாரு. "இன்னிக்கு நானே ஓடி வந்திருக்கேன். நீங்க என்ன சொல்லுவீங்களோன்னு பயந்துதான் சட்டி சட்டியாத் தின்னேன். இப்ப மூடியாச்சு. சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

வெண்டல் வாயைத் தொறந்தாரு. மூணு வருசத்துப் பதிலும் நுனி நாக்குல வரிசை கட்டி நிக்குது. ஒண்ணை விட ஒண்ணு நல்லா இருக்கு. இதுக்கு மேல ஒரு நேரம் கெடைக்காது. டார்லீனுக்குத் தெரிஞ்சுபோச்சு, "ஏய் மனுசா"ன்னாங்க.

வெண்டல் டக்குனு கையை நீட்டி, மூடி இருந்த காலிச் சட்டியை இழுத்து, மூடியைத் தொறந்து நடு மேசையில வச்சாரு.

"சட்டி தொறந்திருக்கு," ன்னாரு. "நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

ஹெர்மன் காலிச் சட்டியைப் பாத்தாரு. வெண்டலைப் பாத்தாரு.

"தொட்டில் ரெண்டரை அடி," ன்னாரு வெண்டல். "உன் கட்டிலைச் சன்னலோரம் போட்டா இடிக்காது. ராத்திரி நீ கொறட்டை விட்டு எம் பேத்தியை எழுப்பினே, கட்டில் கார் ஷெட்டுக்குப் போயிடும். யோவ், இந்தா பிடி, நல்லாப் பிடி, தலையைத் தாங்கிப் பிடி! வந்ததுல இருந்து பிள்ளையை ஒரு தடவை தூக்கினியாய்யா நீ?"

ஹெர்மன் கையில போனதும் நொஹேயா மொதல்ல அந்த மூக்கைத்தான் பிடிச்சா. எங்கயோ பாத்த மூக்காச்சேன்னு திருப்பித் திருப்பிப் பாத்தா. பாத்துட்டு, ஒத்தைப் பல்லைக் காட்டிச் சிரிச்சா. வெண்டல் எழுந்து நின்னு கடை பூராவுக்கும் கேக்கற மாதிரி, "சிரிச்சுட்டா! அடையாளம் தெரிஞ்சுபோச்சு! மூக்கை வச்சே கண்டுபிடிச்சுட்டா!" ன்னு கத்தினாரு. மோமி ஆண்ட்டி உள்ள இருந்தே, "உக்காருடா!" ன்னாங்க. எல்லாருக்கும் தேங்காப்பால் அல்வா வந்துச்சு. யாராலயும் ஒரு துண்டு தின்ன முடியல.

அதுக்கப்புறம் ஹெர்மன் வீட்டோட இருக்காரு. குடையைக் கையோட எடுத்துட்டுப் போறாரு. இப்ப வெயிலுக்கு, பாப்பா தலைக்கு மேல பிடிக்க. காலையில வெண்டல் தூக்கினா சாயங்காலம் ஹெர்மன் தூக்கணும், வெள்ளிக்கெழமை எடை போடறப்ப ரெண்டு பேரும் கொக்கியைச் சேந்து பிடிக்கணும்னு ஒப்பந்தம். பாலைவனக் காத்துல ஹெர்மனுக்கு ஒதடு வெடிச்சு, தோல் உரிஞ்சு, மூக்குல ரத்தம் வந்தும் மனுசன் ஊரை விட்டு அசையல.

எட்டாம் நாள் காலையில, சாப்பாட்டு மேசையில வெண்டல் தட்டுக்குப் பக்கத்துல, டார்லீன் சவரக் கத்தியையும் சோப்புக் கிண்ணத்தையும் கொண்டாந்து வச்சாங்க. மடிச்ச துண்டு வேற.

"என்ன இது?"

"மறந்துடுச்சா? ஹெர்மன் வந்து எறங்கின அன்னிக்குக் காலையில, அந்த ரெண்டு பொட்டியையும் பாத்துட்டு, மனுசன் தங்கத்தான் வந்திருக்காருன்னு நான் சொன்னேன்ல. நீ பாப்பாவை இடுப்புல வச்சுக்கிட்டு என்ன சொன்னே?"

வெண்டலுக்கு நல்லாவே ஞாபகம் இருந்துச்சு. பாப்பா அப்பவும் மீசையைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுதான் இருந்தா.

"அவன் ஹீலோக்காரன்டி, மழை இல்லாம ஒரு வாரம் தாங்கமாட்டான், தாங்கிட்டான்னா, இதோ எம் பேத்தி கையில இருக்கு பாரு, இந்த மீசையை நானே எடுத்துடறேன்!"