அடுப்பு சொன்ன விலை

என் சித்திக்கு எந்தக் கடைக்காரரும் எதையும் மனதார விற்றதில்லை. சோபா விற்றவர் இன்றைக்கும் அவளைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகிறார். பேரத்தில் அவளுக்கென்று ஒரு வித்தை உண்டு. விலை ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்க மறுத்தால், முகத்தில் திடீர்க் கவலையை வரவழைத்துக்கொண்டு, "என்னங்க, அடுப்பை அணைச்சோமா?" என்று சித்தப்பாவைக் கேட்பாள். சித்தப்பா பதறியடித்து எழுந்து வாசலை நோக்கி நடக்க வேண்டும். பின்னாலேயே கடைக்காரர் இறங்கி வருவார், படியிலும் விலையிலும். அவர்கள் வீட்டுக் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் இப்படி வந்தவைதான்.

சித்தப்பா பஸ் டிரைவர். ஓய்வு பெற்ற பிறகு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து சித்தியின் காலில் இடறிக்கொண்டிருந்தவர், ஒருநாள் செல்போனை நீட்டி, "இதை வாங்கலாம்னு இருக்கேன்" என்றார். சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. மூக்குக்கண்ணாடிக்குப் பிறகு அவர் தனக்கென்று வாய்விட்டுக் கேட்ட பொருள் இது ஒன்றுதான்.

"இதுல ஒரு மூட்டை வெங்காயம் வைக்க இடமிருக்கா? எதுக்குங்க இது?" என்றாள் சித்தி.

சித்தப்பா செல்போனை இன்னும் கொஞ்சம் அருகில் நீட்டினார். அவர் பதில் சொல்லாவிட்டால் பிடிவாதமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

"சரி, விலையை நான் பேசிக்கிறேன். நீங்க வாயே திறக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டாள். ஏதோ அவர் இதுவரை திறந்து வைத்திருந்த மாதிரி.

உண்மையான தொகையை வெளியே சொன்னால் சித்தி என்னை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். கேட்ட விலை ஏழு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்த்து, அடியில் படுத்தும் பார்த்துவிட்டு, "ஆறு குடுக்கலாம், நியாயம்தான்" என்று சொல்லியிருந்தார்.

அன்று காலையிலேயே சித்தப்பா ஷூ மாட்டிக்கொண்டு என் ஓட்டை காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "வா வா" என்று அவர் படுத்திய பாட்டில் சித்தி பாதிச் சமையலில் ஓடிவந்தாள்.

காரை விற்பவர் ஒரு பல் டாக்டர். அவர் வீட்டு ஷெட்டில் வண்டி பளபளவென்று நின்றது. மூலையில் பிரிக்காத அட்டைப்பெட்டியில் குழந்தை சீட்டு ஒன்று இருந்தது.

"பாப்பா பொறந்துட்டா. ரெண்டு சீட்டுல மூணு பேர் எப்படிம்மா போறது? இல்லைன்னா விக்கவே மாட்டேன்" என்றார்.

"பாவம்தான் தம்பி. அதனாலதான் சொல்றேன், ரெண்டு சீட்டு வண்டியை வேற யாரு வாங்குவா? நாலு" என்றாள் சித்தி.

பல்லைப் பிடுங்கியே பழகிய மனிதர், அன்றைக்குப் பிடுங்கப்பட்டார். டாக்டர் ஆறரைக்கு வந்தார். சித்தி ஐந்துக்கு ஏறினாள். சித்தப்பா டிரைவர் சீட்டில் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சித்தி சட்டென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க, அடுப்பை அணைச்சோமா?"

சித்தப்பா அசையவில்லை. காது கேட்காதவர் போல ஸ்டீயரிங்கைத் துடைத்தார்.

"என்னங்க, அடுப்பு."

"இந்த ஒரு தடவை வேணாமே" என்றார் கெஞ்சலாக.

"ஐயோ, நெஜமாவே அடுப்புங்க. பால் வச்சுட்டு வந்துட்டேன்."

"நீ எப்பவும் நெஜமாட்டமாத்தானே சொல்லுவ."

சித்தி கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து இழுத்தாள். தூங்குகிற பயணியை எழுப்பி இறக்குவது போலத்தான் அவரை இறக்க வேண்டியிருந்தது. எங்கள் காரின் பின்சீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் வண்டியை விரட்டினேன்.

முதல் சிக்னலில் பக்கத்தில் சிவப்பாக ஒன்று வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "அம்மா, ஆறுக்கு முடிச்சுக்கலாம்" என்றார் டாக்டர்.

"இப்ப அதைப் பேச நேரமில்லை தம்பி" என்றாள் சித்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடுத்த சிக்னலில் ஐந்தரை ஆனது. சித்தி தலையில் கைவைத்து, "எல்லாம் தீஞ்சே போயிருக்கும்" என்று புலம்பினாள்.

"கிளட்ச் தீயவே இல்லைம்மா, யாரு சொன்னா? சரி, அஞ்சு. இதுக்கு மேல என்னால முடியாது."

பின்சீட்டில் சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டில் சமையலறை முழுக்கப் புகை. பால் பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. நான் அடுப்பை அணைக்க, பின்னாலேயே வந்த டாக்டர் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறந்தார்.

"அப்ப நீங்க விலைக்காக எழுந்து வரலையா?" என்றார் இருமிக்கொண்டே. பிறகு பெருமூச்சு விட்டார். "பரவாயில்லை. சொன்னது சொன்னதுதான். அஞ்சு."

இதைவிடச் சித்திக்கு என்ன வேண்டும் என்று நினைத்தேன். அவள் முகமோ கடுகடுவென்று இருந்தது.

"அதை நான் குறைக்கலையே தம்பி. அடுப்புல்ல குறைச்சுது. நாளைக்கு இந்த வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். ஆறரையில நின்னோம். உக்காருங்க, அங்கிருந்து பேசலாம்."

அது நியாய உணர்ச்சியா, தொழில் கௌரவமா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. டாக்டர் திகைத்துப்போய் உட்கார்ந்தார். பேரம் மறுபடியும் தொடங்கியது. அவர் ஆறேகாலில் நின்றார், இவள் ஐந்தே முக்காலில். இருவரும் நகரவில்லை. பழக்க தோஷத்தில் சித்தி, "என்னங்க, அடு" என்று ஆரம்பித்து, கரிப்பாத்திரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"ஆறு குடுத்துடலாம்" என்றது ஒரு குரல். சித்தப்பாவுடையது.

"வாயைத் திறக்கக் கூடாதுன்னேன்ல? அப்படி என்னதாங்க இருக்கு அந்த ரெண்டு சீட்டுல?"

சித்தப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார். "வேலையில இருந்த வரைக்கும் எல்லாரும் எனக்குப் பின்னாடிதான் உக்காந்து வந்தாங்க. என் பஸ்ல ஏறினப்ப நீயும்தான். கண்ணாடியில பார்த்தா, கூட்டத்துல உன் தலை மட்டும் தெரியும். பக்கத்துல உனக்கு ஒரு சீட்டு இருக்கணும்னு தோணுச்சு. வேற யாருக்கும் இல்லாம."

சித்தி திரும்பி நின்று பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். வெகுநேரம் தேய்த்துவிட்டு, "ஆறுன்னே இருக்கட்டும் டாக்டர்" என்றாள். அவளாக ஒருவருக்கு விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுவாரம் முதல் சவாரி. பூட்டினாலே போதுமான வீட்டுக்கு என்னைக் காவல் வைத்துவிட்டு இருவரும் கிளம்பினார்கள். சித்தி முழங்காலை மடக்கி, முனகி, ஒருவழியாக அந்தப் பள்ளத்துச் சீட்டில் இறங்கினாள். சித்தப்பா பஸ்ஸைக் கிளப்புகிற தோரணையில் பின்பக்கக் கண்ணாடியைத் திருப்பினார். அதில் பார்க்க ஆளில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"என்னங்க, அடுப்பை அணைச்சோமா?" என்றாள் சித்தி.

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை.

"நான் அணைச்சுட்டேன்" என்று சொல்லி, சித்தப்பா வண்டியை எடுத்தார்.